அமெச்சூர் வானொலியும் வீட்டில் செய்த ஆண்டெனாக்களும்: ஒரு வரலாறு

வணிக நோக்கமின்றி, சொந்த ஆர்வத்தால், அரசிடம் உரிமம் பெற்று, வானொலி அலைகள் வழியே உலகெங்கும் உள்ள பிறரோடு தொடர்பு கொள்வது அமெச்சூர் வானொலி எனப்படும். இதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என்று அழைப்பது உலக வழக்கு. தொடக்க காலத்தில் ஹாம்கள் தங்கள் கருவிகள் அனைத்தையும் தாங்களே செய்தார்கள். இன்று அனுப்பியும் வாங்கியும் கடையில் கிடைக்கின்றன. பெரும்பாலோர் வாங்கித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆண்டெனாவை மட்டும் இன்றும் பலர் வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்கள். மின்கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்புக்கம்பி, நைலான் கயிறு, உடைந்த பிளாஸ்டிக் குழாயின் துண்டு, ஒரு மரம் ஆகியவை இருந்தால் கண்டம் விட்டுக் கண்டம் பேசும் ஆண்டெனாவைச் செய்துவிட முடியும்.

இவ்வளவு மலிவான பொருள் எப்படி இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது? விடையின் ஒரு பாதி இயற்பியலில் இருக்கிறது. மறுபாதி, 1912-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. அமெச்சூர்களை ஓரங்கட்டுவதற்காக எழுதப்பட்ட அந்த விதியே அவர்களுடைய ஆண்டெனாவை மலிவாக்கியது.

பெரிய அலைகளின் காலம்

வானொலி அலைகளை ஆய்வகத்தில் முதன்முதலில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூவே நகரில் அவர் செய்த சோதனைகளில் பயன்பட்ட அனுப்பும் ஆண்டெனா, நடுவில் தீப்பொறி இடைவெளி விட்ட நேரான கம்பி. பெறும் ஆண்டெனா ஒரு கம்பி வளையம். உலகின் முதல் ஆண்டெனாக்களே கையால் செய்யப்பட்டவைதான் என்பதை நினைவில் கொள்ளலாம். அவர் பயன்படுத்திய அலைகளின் நீளமும் சில மீட்டர்களே. ஆகவே கம்பியும் ஓர் அறைக்குள் அடங்கியது.

அலை சிறியதாக இருந்த இந்தத் தொடக்கம் நீடிக்கவில்லை. தந்தியில்லாத் தந்தியைத் தொழிலாக்க முனைந்த மார்க்கோனி, ஆண்டெனாவை உயர்த்த உயர்த்த, நீட்ட நீட்ட, தொலைவு கூடுவதைக் கண்டார். ஆண்டெனா பெரிதானால் அதிலிருந்து பிறக்கும் அலையின் நீளமும் கூடும். 1901 டிசம்பர் 12 அன்று, கனடாவின் கரையோரம் உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் குன்றில், இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த குறியொலியைக் கேட்டதாக அவர் அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்தியது, பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்ட ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள கம்பி. உலகப் புகழ்பெற்ற அந்த ஆண்டெனாவும் ஒரு பட்டமும் கம்பியும்தான் என்பது ஹாம்கள் இன்றும் விரும்பிச் சொல்லும் செய்தி. ஆனால் கடலுக்கு அப்பால் போல்டுவில் நின்ற அனுப்பும் நிலையம் அப்படிப்பட்டதல்ல. அங்கே வட்டமாக நிறுத்தப்பட்ட 20 கம்பங்கள் அதே ஆண்டு செப்டம்பரில் புயலில் சாய்ந்தன. அவசரமாக வேறோர் அமைப்பைக் கட்டித்தான் சோதனை நடந்தது.

அடுத்த 20 ஆண்டுகளில் வணிக நிலையங்களும் கடற்படைகளும் நீண்ட அலைகளை நோக்கியே சென்றன. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்பது அன்றைய பொறியாளர்களின் உறுதியான நம்பிக்கை. தரையை ஒட்டிச் செல்லும் அலைகளை அளந்து அவர்கள் உருவாக்கிய சூத்திரங்களும் அதையே சொல்லின. இந்த நம்பிக்கையின் உச்சத்தைச் சுவீடனில் கிரிமெட்டன் என்னும் ஊரில் இன்றும் காணலாம். 1924-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தில் 127 மீட்டர் உயரமுள்ள ஆறு இரும்புக் கோபுரங்கள் ஏறத்தாழ 2 கி.மீ. நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. அதன் அதிர்வெண் 17.2 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் 17 கி.மீ.-க்கும் மேல். அத்தகைய அலைக்கு அந்த 2 கி.மீ. ஆண்டெனாவே குட்டையானது. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய ஆண்டெனாவைத் தனி மனிதர் யாரும் கட்ட முடியாது. அரசுகளாலும் பெரும் நிறுவனங்களாலும் மட்டுமே முடியும். அலைகள் நீண்டுகொண்டே போயிருந்தால் வானொலி என்பது சாதாரண மக்களின் கைக்கு எட்டாத துறையாகவே இருந்திருக்கும்.

ஒதுக்கிவிடப்பட்ட அலைநீளம்

1910 வாக்கில் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களும் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் தீப்பொறி அனுப்பிகளை வீட்டில் செய்து, கூரைமேல் பல கம்பிகளை இணையாகக் கட்டி, நினைத்த அலைநீளத்தில் குறியொலி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடற்படைக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் அது பெருந்தொல்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பிறகு, வானொலியைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற குரல் வலுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வானொலிச் சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைநீளங்களுக்குள் அடைத்தது. அந்த அலைகளால் ஒரு பயனும் இல்லை என்பது அன்று நிபுணர்களின் கணிப்பு. யாருக்கும் வேண்டாத நிலத்தைக் கொடுத்துவிட்டால், உழுது பார்த்துவிட்டு அவர்களே ஓய்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

உண்மையில் 200 மீட்டர் அலையில் தொலைவு குறைவாகவே கிடைத்தது. அதனால்தான் 1914-இல் ஹைரம் பெர்சி மாக்சிம் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கிய அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம், பெயருக்கேற்ப, ஒருவர் கேட்டதை அடுத்தவர் வாங்கி மூன்றாமவருக்கு அனுப்பும் அஞ்சலோட்ட முறையை நம்பியது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், அமெச்சூர் நிலையங்கள் அனைத்தும் மூடப்பட்டன. 1919-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

கடலோரத்தில் ஒரு கூடாரம்

200 மீட்டர் அலை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டுமா? இதைச் சோதிக்க 1921 பிப்ரவரியில் நடந்த முதல் முயற்சி தோற்றது. தோல்விக்குக் காரணம் அலையா, அல்லது இங்கிலாந்தில் கேட்டவர்களின் கருவியா என்பதில் சர்ச்சை எழுந்தது. ஆகவே அதே ஆண்டு இறுதியில் அமெரிக்கக் கழகம் பால் காட்லி என்ற தன் வல்லுநரையே ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் தேர்ந்தெடுத்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஆர்ட்ரோசன். டிசம்பர் மாதக் குளிர், மழை, கடற்காற்று. திறந்தவெளியில் ஒரு கூடாரம் அடித்து அதற்குள் தன் வாங்கியை வைத்தார்.

அவர் கட்டிய ஆண்டெனா நம் கதைக்கு முக்கியமானது. கோபுரம் எதுவும் எழுப்பவில்லை. தாழ்ந்த கம்புகளை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் அமெரிக்கா இருக்கும் திசையை நோக்கி நேராகச் சில நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே கம்பியை இழுத்துக் கட்டினார். தொலைமுனையில் ஒரு மின்தடை வழியாகக் கம்பியைத் தரையோடு இணைத்தார். ஹரால்டு பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்போதுதான் உருவாக்கியிருந்த முறை இது. அந்தக் கம்பி நீட்டப்பட்ட திசையிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும். பிற திசைகளின் இரைச்சலைப் பெரிதும் தவிர்க்கும். வேலிக்கம்பி போலத் தோன்றும் இந்த எளிய அமைப்பு அமெரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட அமெச்சூர் நிலையங்களைக் காட்லியின் காதுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் மிகத் தெளிவாகக் கேட்டது கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சிலிருந்து இயங்கிய '1பிசிஜி'. அதைக் கட்டிய குழுவில், பின்னாளில் பண்பலை வானொலியைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இருந்தார். சில பிரித்தானிய அமெச்சூர்களும் தங்கள் வீட்டுக் கருவிகளிலேயே அந்த இரவுகளில் அமெரிக்கக் குறியொலிகளைக் கேட்டார்கள்.

அது ஒருவழித் தொடர்புதான். இருவழித் தொடர்பு 1923 நவம்பரில் நடந்தது. பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய், ஹார்ட்ஃபோர்டிலிருந்த பிரெட் ஷ்னெல்லுடனும், அதே மாநிலத்தின் ஜான் ரைனார்ட்ஸுடனும் குறியொலி பரிமாறிக்கொண்டார். இம்முறை அலைநீளம் ஏறத்தாழ 100 மீட்டர். அடுத்த ஆண்டு அக்டோபர் 18 அன்று, நியூசிலாந்தின் தென்தீவில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து பிராங்க் பெல்லும், லண்டன் மில் ஹில் பள்ளியில் மாணவராக இருந்த செசில் கோய்டரும் தொடர்பு கொண்டார்கள். பூமிப்பந்தில் அந்த இரு இடங்களும் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன.

அலை குறுகக் குறுகத் தொலைவு கூடியது! நிபுணர்களின் சூத்திரம் தரையை ஒட்டிச் செல்லும் அலைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிற்றலைகள் தரையை நம்பிப் போகவில்லை. வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள மின்னூட்டமுற்ற அடுக்குகளில் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்குத் திரும்புகின்றன. அத்தகைய அடுக்கு இருக்கலாம் என்று கென்னெலியும் ஹெவிசைடும் 1902-லேயே கருதினார்கள். 1924 டிசம்பரில் எட்வர்டு ஆப்பிள்டன் அதைச் சோதனையால் உறுதிப்படுத்தினார். இந்தக் கண்டுபிடிப்பு முழுவதையும் அமெச்சூர்கள் கணக்கில் எழுதிவிடுவது நியாயமன்று. அதே ஆண்டுகளில் மார்க்கோனியும் அவருடைய பொறியாளர் பிராங்க்ளினும் சிற்றலைகளை முறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எனினும் பின்புறத் தோட்டத்தில் கட்டிய கம்பியால் இது முடியும் என்று காட்டியவர்கள் அமெச்சூர்களே.

இதே 1924-இல் சென்னையிலும் ஓர் அமெச்சூர் முயற்சி நடந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அந்த ஆண்டே 40 வாட் அனுப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. பணமின்மையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் அனுப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது ஒலிபரப்பின் வரலாறு என்பதால் இங்கே மேலும் விரிக்கவில்லை.

அரை அலை நீளக் கம்பி

சிற்றலையின் வெற்றி ஆண்டெனாவின் விலையை எப்படிக் குறைத்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு போதும். ஒரு கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருந்தால், அந்த அதிர்வெண்ணுக்கு அது ஒத்திசைகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் சிறு விசையே போதுவது போல, ஒத்திசைந்த கம்பியில் ஊட்டும் மின்னாற்றல் பெரும்பாலும் அலையாக வெளியேறுகிறது. கம்பியை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையே மின்சாரத்தை ஊட்டுவது இருமுனை ஆண்டெனா. ஹாம்கள் இதை 'டைபோல்' என்பார்கள்.

வெற்றிடத்தில் அரை அலையின் நீளத்தை மீட்டரில் அறிய, 150-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுக்கவேண்டும். நடைமுறையில் கம்பியின் நுனிகளில் ஏற்படும் விளைவால் கம்பி சுமார் 5 விழுக்காடு குறைவாக இருக்கவேண்டும். ஆகவே 150-க்குப் பதில் 143-ஐ எடுத்துக்கொள்வது வழக்கம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டர். 14.15 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தமே 10.1 மீட்டர். கிரிமெட்டனின் 2 கி.மீ. எங்கே, இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே கட்டிவிடக்கூடிய இந்தக் கம்பி எங்கே! அதுவும் கிரிமெட்டன் கம்பி தன் அலைக்கு மிகக் குட்டை. இதுவோ தன் அலைக்குச் சரியான அளவு.

அனுபவமுள்ளவர்கள் கணக்கில் வரும் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே கம்பியை வெட்டுவார்கள். தரையின் தன்மை, கட்டிய உயரம், பக்கத்துச் சுவரில் உள்ள இரும்பு எல்லாமே ஒத்திசைவைச் சற்று நகர்த்தும். ஏற்றி, அளந்து, இறக்கி, நுனியைக் கொஞ்சம் மடித்து, மீண்டும் ஏற்றுவார்கள். கூடிய நீளத்தைக் குறைக்கலாம். வெட்டிய கம்பியை ஒட்டவைப்பது தொல்லை. கம்பியின் தடிமன் இங்கே பெரிய பொருட்டன்று. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியே போதும். உறை இருப்பதால் நீளம் இன்னும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். நுனிகளில் பீங்கான் இன்சுலேட்டர் கிடைக்காவிட்டால் துளையிட்ட பிளாஸ்டிக் துண்டு போதும். ஒன்றில் மட்டும் சிக்கனமும் துணிச்சலும் கூடாது: மின்வாரியக் கம்பிகளுக்கு அருகிலோ, மேலோ, கீழோ ஆண்டெனாக் கம்பியை ஒருபோதும் இழுக்கக்கூடாது. கை நழுவிய கம்பி மின்கம்பியில் விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. இடி மின்னல் நேரத்தில் இணைப்பைக் கழற்றி வைப்பதும் கட்டாயம்.

கம்பியைவிட அதற்கு மின்னாற்றலைக் கொண்டுசெல்லும் ஊட்டுக்கம்பிதான் பழைய ஹாம்களுக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. கோஆக்சியல் கேபிள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே எளிதில் கிடைத்தது. அதற்கு முன், இரண்டு வெற்றுக் கம்பிகளை ஒரே இடைவெளியில் இணையாகக் கொண்டுசெல்வார்கள். இடைவெளியைக் காக்க, மரக்குச்சிகளை உருக்கிய மெழுகில் ஊறவைத்து இடையிடையே கட்டுவார்கள். மெழுகு ஏறிய மரம் மழையில் ஈரத்தை உறிஞ்சாது. சமையலறை அடுப்பில் மெழுகும் குச்சியும் கொதித்த வீடுகள் அந்நாளில் பல. இன்று தொலைக்காட்சி இணைப்புக்கான 75 ஓம் கேபிளே, இருமுனை ஆண்டெனாவின் ஏறத்தாழ 73 ஓம் மின்மறுப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது.

நம் ஊர்களில் வால்வு வானொலி இருந்த காலத்தில், மொட்டைமாடியில் இரண்டு கழிகளுக்கு இடையே 'ஏரியல்' கட்டி இலங்கை வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதன்று. அந்த ஏரியல் கேட்பதற்கு மட்டுமே. நீளம் துல்லியமாக இருக்கவேண்டியதில்லை. அனுப்பும்போதுதான் அளவு உயிர்நாடியாகிறது.

யார் செய்தது, யார் பெயர்

1929 செப்டம்பரில், அமெரிக்கக் கழகத்தின் மாத இதழில் லோரன் விண்டம் என்ற ஹாம் ஒரு கட்டுரை எழுதினார். அரை அலைக் கம்பியின் நடுவில் வெட்டாமல், நடுவிலிருந்து சற்று விலகிய ஒரு புள்ளியில் ஒரே ஓர் ஊட்டுக்கம்பியை இணைத்தாலே போதும் என்பது அதன் செய்தி. இரண்டு கம்பி, மெழுகுக் குச்சி எதுவும் வேண்டாம். ஏழை ஹாமுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அந்த ஆண்டெனா உலகெங்கும் 'விண்டம்' என்றே பெயர் பெற்றது. ஆனால் அதற்கான அளவீடுகளை ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தவர்கள் வில்லியம் எவரிட்டும் ஜான் பிர்னும். அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் அதே ஆண்டு வெளிவந்தது. எளிய நடையில் ஹாம்களுக்கு எடுத்துச் சொன்னவர் பெயரே நிலைத்தது.

இதே கதை ஜப்பானிலும் நடந்தது. செண்டை நகரின் தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடா, 1926 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், மின்னிணைப்பே இல்லாத வெறும் உலோகக் கம்பிகளை ஆண்டெனாவுக்கு முன்னும் பின்னும் சரியான இடைவெளியில் நிறுத்தினால் அலை ஒரே திசையில் குவிவதைக் காட்டினார். உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. 1928-இல் ஆங்கிலத்தில் அதை உலகுக்கு எடுத்துச்சொன்னவர் அவருடைய பேராசிரியர் ஹிடேட்சுகு யாகி. ஆண்டெனாவும் 'யாகி' ஆயிற்று. ஜப்பான் அதை அப்போது பெரிதாக மதிக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பிரித்தானிய ராடார்ப் பிரிவினர் ஒருவரின் குறிப்பேடு ஜப்பானியர் கையில் கிடைத்தது. அதில் அடிக்கடி வந்த 'யாகி' என்ற சொல் அவர்களுக்கு விளங்கவில்லை. சிறைப்பட்டவரிடம் கேட்டபோதுதான் அது தங்கள் நாட்டவர் ஒருவரின் பெயர் என்று தெரிந்துகொண்டார்கள். பின்னர் ஊர்தோறும் வீட்டுக் கூரைகளில் தூர்தர்ஷனுக்காக நின்ற மீன்முள் ஆண்டெனா இந்த யாகி-உடாவின் வழிவந்ததே.

கம்பியும் மூங்கிலும்

ஜான் கிராஸ் என்ற பெயரை வானியல் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். 1977-இல் 'வாவ்' என்று பெயர்பெற்ற புதிரான விண்வெளிக் குறிகையைப் பதிந்த ஓஹயோவின் 'பெருஞ்செவி' வானொலித் தொலைநோக்கியை வடிவமைத்தவர் அவர். அவருக்கு அதற்கும் முன்பிருந்தே ஓர் அடையாளம் உண்டு: டபிள்யூ8ஜேகே என்ற அழைப்புக்குறி. 1937-இல், ஆண்டெனாக் கம்பிகளை நெருக்கமாக வைத்தாலும் திசைத்திறன் கிடைக்கும் என்ற ஜார்ஜ் பிரவுனின் ஆய்வைப் படித்த கிராஸ், இரண்டு கம்பிகளை அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் கட்டி, ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் மின்னூட்டினார். கோபுரமும் அலுமினியக் குழாயும் இல்லாமல், தொங்கும் கம்பிகளாலேயே திசை ஆண்டெனா கிடைத்தது. இன்றும் அது அவருடைய அழைப்புக்குறியாலேயே அறியப்படுகிறது.

அவருடைய மற்றொரு கதை இன்னும் சுவையானது. 1946-இல் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஒரு விருந்தினர், சுருள் கம்பியைப் பயன்படுத்தும் மின்னணுக் குழல்களைப் பற்றி உரையாற்றினார். இந்தச் சுருளையே ஆண்டெனாவாக்க முடியுமா என்று கிராஸ் கேட்டார். முயன்று பார்த்தேன், முடியாது என்பது விடை. கிராஸ் வீட்டுக்குப் போய்ச் சுற்றளவு ஓர் அலைநீளம் வருமாறு ஏழு சுற்றுச் சுருளைச் சுற்றிப் பார்த்தார். அலை சுருளின் நுனியிலிருந்து நேராகப் பாய்ந்தது. விருந்தினரின் சுருள் ஒல்லியாக இருந்திருக்கவேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் இன்று இருப்பது கிராஸின் சுருள் வகையே.

தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் சிக்கல் வேறு வகையில் வந்தது. தலைநகர் குவிட்டோ, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்த எச்சிஜேபி என்ற கிறித்தவ ஒலிபரப்பு நிலையத்தில் 1940-களின் தொடக்கத்தில் 10 கிலோவாட் ஆற்றலை யாகி வகை ஆண்டெனாவுக்கு ஊட்டினார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில், கம்பிகளின் நுனியில் மின்னழுத்தம் ஒளிப்பிழம்பாக வெடித்து, அலுமினியமே உருகிச் சொட்டியது. அங்கே பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் மூர், தானும் ஒரு ஹாம். நுனியில்தான் தொல்லை என்றால் நுனியே இல்லாத ஆண்டெனாவைச் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். முழு அலைநீளக் கம்பியைச் சதுரமாக வளைத்து முனைகளை மூடினார். அத்தகைய இரண்டு சதுரங்களை முன்பின்னாக நிறுத்தியது 'குவாட்' ஆயிற்று.

மின்னழுத்தச் சிக்கலே இல்லாத சாதாரண ஹாம்களும் குவாடை வாரி அணைத்துக்கொண்டதற்குக் காரணம் விலை. யாகிக்கு அலுமினியக் குழாய் வேண்டும். குவாடில் அலையை உண்டாக்குவது மெல்லிய கம்பி. சட்டம் வெறும் தாங்கல்தான். ஆகவே மூங்கில் போதும். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கம் ஏறத்தாழ 5.4 மீட்டர் உள்ள சதுரம். மையத்திலிருந்து நான்கு மூலைக்கும் நான்கு மூங்கில்கள். மூங்கில் மழையிலும் வெயிலிலும் சில ஆண்டுகளில் இற்றுவிடும் என்பது உண்மையே. இற்றால் வேறு வெட்டிக்கொள்ளலாம்.

போருக்குப் பின் வந்த கம்பி ஆண்டெனாக்களில் 'ஜி5ஆர்வி' மிகப் புகழ்பெற்றது. இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி 1946-இல் வடிவமைத்தது. மொத்த நீளம் 102 அடி. எல்லா அலைவரிசைக்கும் ஒரே கம்பி என்று விளம்பரங்கள் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்கவேண்டும். அவர் முதன்மையாகக் கருதியது 14 மெகாஹெர்ட்ஸ். மற்றவற்றில் அது வேலை செய்யும், ஆனால் பொருத்தும் கருவி ஒன்று இடையே வேண்டும்.

அளவுநாடா விண்வெளிக்குப் போனது

1960-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் சிறு செயற்கைக்கோள் ஒன்றைச் செய்தார்கள். அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள்களின் வரிசையில் அது ஐந்தாவது. வரிசையின் முதல் கோளான ஆஸ்கர்-1, 1961 டிசம்பர் 12 அன்று, மார்க்கோனியின் பட்டம் பறந்த அதே தேதியில், ஏவப்பட்டிருந்தது. மெல்போர்ன் மாணவர்களுக்கு ஒரு சிக்கல்: ஏவும்போது ஆண்டெனா மடங்கிச் சுருண்டிருக்கவேண்டும், விண்வெளிக்குப் போனதும் தானாக நிமிரவேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது தச்சர்கள் பயன்படுத்தும் எஃகு அளவுநாடா. நடுவில் சற்றே குழிந்த அந்த நாடா மடித்தால் மடங்கும், விட்டால் விறைத்து நேராகும். 1970 ஜனவரி 23 அன்று ஆஸ்திரேலிஸ்-ஆஸ்கர் 5 விண்ணுக்குச் சென்றது. மின்கலம் தீரும்வரை சில வாரங்கள் குறியொலி அனுப்பியது. இன்று பல்கலைக்கழகங்கள் செய்யும் கியூப்சாட் வகைச் சிறு செயற்கைக்கோள்கள் பலவற்றிலும் இந்த அளவுநாடா உத்தி தொடர்கிறது.

தரையிலும் அதற்குப் பயன் வந்தது. ஒளித்துவைத்த அனுப்பியைத் திசை பார்த்துத் தேடிப் பிடிப்பது ஹாம்களின் விளையாட்டுகளில் ஒன்று. 'நரி வேட்டை' என்பார்கள். புதருக்குள் ஓடும்போது அலுமினிய யாகி வளைந்து முறியும். அளவுநாடாத் துண்டுகளை மின்குழாய் பிளாஸ்டிக்கில் பொருத்திய மூன்று கம்பி யாகி, கிளையில் பட்டால் மடங்கிவிட்டு மீண்டும் நிமிரும். மாணவர்கள் முதலில் செய்து பார்க்க ஏற்றதும் இதுதான். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் குறிகை 145.8 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. மேலே சொன்ன கணக்குப்படி அதற்கான இருமுனை ஆண்டெனாவின் நீளம் 98 செ.மீ.; பக்கத்துக்கு 49 செ.மீ. இவ்வளவு சிறியதைப் படிக்கும் மேசைமேலேயே செய்துவிடலாம். அனுப்புவதற்குத்தான் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும்.

2004 டிசம்பர், போர்ட் பிளேர்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்கு அதுவரை நெடுநாளாக அனுமதி இல்லாதிருந்தது. 2004 டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், சிறப்பு அனுமதி பெற்றுத் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். விடுதியில் தங்கி, அங்கேயே நிலையம் அமைத்து, 'வியூ4ஆர்பிஐ' என்ற அழைப்புக்குறியில் இயங்கினார். நெடுங்காலம் கேட்காத இடம் என்பதால் உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவருடன் ஒரு தொடர்புக்காகக் காத்துக்கிடந்தார்கள். அது ஒரு பொழுதுபோக்குப் பயணம்.

டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு நிலம் நடுங்கியது. பின்னர் கடல் ஏறியது. தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. சில மணி நேரத்தில் நாகப்பட்டினமும் கடலூரும் வேளாங்கண்ணியும், கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்கும் தெற்கும் அதே அலையால் சிதைந்தன. போர்ட் பிளேரில், விளையாட்டாகக் கொண்டுவந்த நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான செய்தி வழியாக மாறியது. உயிரோடு இருக்கிறார் என்ற ஒருவரிச் செய்தி, காணாமற்போனவரைப் பற்றிய விசாரணை, நிவாரணத் தேவைகள் என ஒவ்வொன்றாக வானலையில் போயின. பெருஞ்சேதம் அடைந்த கார் நிக்கோபாருக்கும் குழுவினர் சென்று இரண்டாவது நிலையத்தை அமைத்தார்கள்.

போர்ட் பிளேருக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே ஏறத்தாழ 270 கி.மீ. கடல். நேர்கோட்டில் செல்லும் மீயுயர் அலைகளுக்கு அந்தத் தொலைவு எட்டாது. உயரமான ஆண்டெனாவிலிருந்து அடிவானத்தை ஒட்டிக் கிளம்பும் சிற்றலையோ அதைத் தாண்டி மிகத் தொலைவில் போய் இறங்கிவிடும். இத்தகைய இடைத் தொலைவுக்கு ஏற்றது 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே தாழக் கட்டிய இருமுனைக் கம்பி. அது அலையை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே அனுப்பும். மேலடுக்கில் பட்டு அது மழைபோலச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். கோபுரம் சாய்ந்த ஊரிலும் இதைக் கட்டலாம். வேண்டியது 20 மீட்டர் கம்பியும், வெள்ளம் விட்டுவைத்த இரண்டு மரங்களும், ஒரு கார் மின்கலமும்.